திருவான்மியூர் வீட்டுக்கு ஹீட் பம்ப் வைக்கலாமா?

கடற்கரைவாசி:

வணக்கம். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், தரைத்தளமும் இரண்டு மாடிகளுமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். என் பெற்றோர், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என ஆறு பேர் குடியிருப்போம். நான்கு குளியலறைகளிலும் தனித்தனியே கீசர் மாட்டுவதற்குப் பதிலாக, 200 லிட்டர் தொட்டியுடன் ஒரே ஹீட் பம்ப் வைத்துவிடலாம் என்று பொறியாளர் சொல்கிறார். குழாய் வேலையையும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் மதிப்பீடு தந்திருக்கிறார். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தை, ஆண்டு முழுவதும் புழுங்கும் ஊரில் வெந்நீருக்காக வைப்பது பொருந்துமா? எந்தப் பக்கம் நின்றாலும் காரணத்தோடு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்னியலார்:

தயங்காமல் வையுங்கள். கீசர் மின்சாரத்தை எரித்து வெப்பமாக்குகிறது. ஹீட் பம்ப் அப்படிச் செய்வதில்லை. காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் ஏற்றுவதற்கு மட்டுமே கம்ப்ரசரை ஓட்டுகிறது. 26 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 5.6 யூனிட் வெப்பம் தேவை. கீசர் அந்த முழு அளவையும் மீட்டரில் காட்டும்; சென்னைக் காற்றில் ஓடும் ஹீட் பம்ப் ஒன்றரை யூனிட்டிலிருந்து இரண்டு யூனிட்டுக்குள் அதை முடித்துவிடும்.

புழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்; அதுதான் இங்கே நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய அனுகூலம். காற்றிலுள்ள நீராவி, காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் பட்டுத் துளியாகும்போது, ஒவ்வொரு லிட்டருக்கும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் அதே ஈரம் சுருளின் மேல் உறைபனியாகப் படிந்து, அதை உருக்குவதற்கே தனியாக மின்சாரம் செலவாகும். இங்கே மார்கழி விடியற்காலையிலும் காற்று 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால் அந்தத் தொல்லை எழவே வழியில்லை. ஒரு தொட்டித் தண்ணீர் சூடேறுவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் நீர் சொட்டினால் வியக்க வேண்டாம். அது போவதற்கு ஒரு வடிகுழாய் மட்டும் வைத்துவிடுங்கள்.

நங்கநல்லூரார்:

இயந்திரம் நன்றாக வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேலை நமக்குத் தேவையா என்பதுதான் என் கேள்வி. மின்னியலார் 200 லிட்டருக்குக் கணக்குப் போடுகிறார். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் வாளியில்தான் குளிக்கிறோம். ஆளுக்கு ஒரு வாளி, ஏறக்குறைய 18 லிட்டர் என்று வைத்தால், ஆறு பேருக்கும் சேர்த்து 110 லிட்டரைத் தாண்டாது. அதுவும் 40 டிகிரி இருந்தால் தாராளம். அதற்குக் கீசரே இரண்டு யூனிட்டுக்குள் வேலையை முடித்துவிடும். ஹீட் பம்ப் மிச்சம் பிடிப்பது நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் நண்பகலில் கை வைக்கவே முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெந்நீர் உண்மையாகவே வேண்டியிருப்பது கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். அந்த நான்கு மாதங்களுக்கும், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வைத்தாலும், ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்கூட மிஞ்சாது. போட்ட பணம் திரும்புவதற்குள் இயந்திரமே ஆயுளை முடித்துவிடும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஒரே இடத்தில் தொட்டியை வைத்து மூன்று தளங்களுக்கும் குழாய் இழுத்தால், குழாய்க்குள் நிற்கும் ஆறிய தண்ணீரை என்ன செய்வீர்கள்? 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 15 மீட்டருக்கு நாலரை லிட்டருக்கு மேல் நிற்கும். ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் கால் வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் கோடையை அறிந்த ஊர் இது. நான்கு சிறிய கீசர்கள் போதும்.

கடற்கரைவாசி:

ஐயா, உங்கள் கணக்கு எங்கள் வீட்டுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனி மாதத்திலும் வெந்நீரில்தான் குளிப்பார். பிள்ளைகள் வாளியைத் தொடுவதே இல்லை, ஷவர்தான். பாத்திரம் துலக்கவும் வெந்நீர் வேண்டும் என்று என் மனைவி விரும்புகிறார். தவிர, மூன்று ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்காது. அதற்கு மேல் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். சோலார் வாட்டர் ஹீட்டரையும் யோசித்தோம். ஆனால் தண்ணீர் தானாகவே சுடும் மாதங்களில் அது நன்றாக வேலை செய்யும். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில், நமக்கு வேண்டும்போது, கைவிட்டுவிடும்.

குளிர்பதனப் பணியாளர்:

நான் ஏசி, ஹீட் பம்ப் இரண்டையும் பழுதுபார்ப்பவன். இருவர் கணக்கும் சரியாக இருக்கலாம். இதுவரை ஒருவரும் உப்பைப் பற்றிப் பேசவில்லை. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடலைப் பார்த்த சுவரில் மாட்டிய ஏசி வெளியலகுகளைத் திறந்து பார்த்தால், அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே வெள்ளைத் தூளாக உதிரும். செம்புக் குழாயும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் சேரும்போது அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஹீட் பம்பிலும் அதே சுருள்தான் இருக்கிறது. போதாததற்கு அது எப்போதும் நனைந்தே இருக்கும். ஆகவே பூச்சு பூசிய தகடு உள்ளதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடலுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள்.

உள்ளே வரும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், துருப்பிடிக்காது என்று சொல்லி விற்கும் எஃகுத் தொட்டியும் பற்றவைப்பு ஓரங்களில் பொத்துக்கொள்ளும். உட்புறம் எனாமல் பூசி, மெக்னீசியக் கம்பி செருகிய தொட்டியே பாதுகாப்பு. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைவதற்காகத்தான் அந்தக் கம்பி இருக்கிறது; அதை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்கச் சொன்னால், விற்றவர்களில் பலர் அப்படி ஒன்று இருப்பதையே வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

நங்கநல்லூரார்:

பார்த்தீர்களா? மாதாமாதம் கழுவ வேண்டும், ஆண்டுதோறும் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கீசர் வைத்தவர் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

மின்னியலார்:

உப்புத் தண்ணீர் கீசரையும் விட்டுவைப்பதில்லை ஐயா. அதற்குள்ளும் அதே மெக்னீசியக் கம்பி இருக்கிறது. சூடேற்றும் கம்பியின் மேல் சுண்ணாம்பு படிந்து வெடிப்பதும் இங்கே வாடிக்கை. ஹீட் பம்பில் தண்ணீருக்கு வெப்பம் கொடுக்கும் சுருள் தொட்டியின் வெளிப்புறம் சுற்றியிருக்கும் வகையை வாங்கினால் அந்தப் படிவு சுருளைத் தொடாது. மின்வெட்டில் ஜெனரேட்டர் ஓடும்போதும் இரண்டு கிலோவாட் கீசரைப் போடுவது கடினம். ஒரு கிலோவாட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் எளிதில் ஓடும்.

ஆனால் குழாயில் நிற்கும் தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்கு விடை வீட்டின் வரைபடத்தில்தான் இருக்கிறது. தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாமல், முதல் மாடியில், குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பக்கத்துச் சர்வீஸ் பால்கனியில் வைத்தால் எந்தக் குழாயும் ஐந்தாறு மீட்டரைத் தாண்டாது. குழாய்க்கு வெப்பக்காப்பு உறையும் போட்டுவிடுங்கள். அந்த பால்கனியைக் கண்ணாடியால் மூடிவிடக் கூடாது. மூடினால் இயந்திரம் தான் வெளியேற்றிய குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துத் திணறும்.

கடற்கரைவாசி:

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் மாடி பால்கனி மேற்கு நோக்கியது. கடல் அதன் முதுகுப்புறம். கீழே ஒரு தளம் இருப்பதால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வந்ததைப் போன்ற வெள்ளமும் எட்டாது. தரைத்தளத்தில் அம்மாவின் குளியலறை மட்டும் மறுகோடியில் இருக்கிறது. அதற்கு ஒரு சிறிய கீசரும், மற்ற மூன்றுக்கும் சமையலறைக்கும் ஹீட் பம்பும் என்று பிரித்துவிட எண்ணுகிறேன்.

நங்கநல்லூரார்:

ஆண்டு முழுவதும் வெந்நீரில் குளிப்பவர் அம்மா ஒருவர்தான் என்று நீங்களே எழுதினீர்கள். அவருடைய குளியலறையைக் கீசருக்கு விட்டுவிட்டால் ஹீட் பம்புக்கு மிச்சமிருப்பது என்ன என்பதைப் பொறியாளரிடம் இன்னொரு முறை கணக்குப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் குளியலறையையே இந்தப் பக்கம் மாற்றிக் கட்டுங்கள். சுவர் எழும்புவதற்கு முன் அது பெரிய செலவாகாது.