ஸ்டார்லட் டேர்போ, 1 பார் பூஸ்ட்: எந்த ப்ளக், எவ்வளவு கேப்?

ஹட்டன்_கிளான்சா:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி ஸ்டார்லட் கிளான்சா, 4ஈ-எஃப்டிஈ எஞ்சின். கம்பெனி சிடி9 டேர்போவைக் கழற்றிட்டு பெரிய டிடி04 டேர்போ போட்டிருக்கு. முன்னால பெரிய இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், டியூன் பண்ணக்கூடிய ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்). ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரும் கொயிலும் பழையதுதான். கையால திருகுற பூஸ்ட் (டேர்போ அமுக்குற காத்து அழுத்தம்) கன்ட்ரோலர்ல 1 பார் வச்சிருக்கு. ஸ்பார்க் ப்ளக் என்ஜிகே பிகேஆர்6ஈ-11.

பிரச்சினை இதுதான்: நுவரெலியா, நானுஓயா பக்கம் முழு த்ரொட்டில் கொடுத்தாலும் ஒரு குறையும் இல்ல. அவிசாவளைக்கு இறங்கினா 5000 ஆர்பிஎம் தாண்டினதும் டப் டப்னு மிஸ் அடிக்குது. கேஜ்ல அங்கேயும் அதே 1 பார்தான். ப்ளக்கோட ஹீட் ரேஞ்ச் எண் இப்ப 6, இனி 7 போடவா, 8 போடவா? செம்பா, இரிடியமா? கேப் (பொறி பாயுற இடைவெளி) எவ்வளவு?

ஏத்தம்_இறக்கம்:
தம்பி, முதல்ல கேஜ் என்ன காட்டுதுன்னு பாருங்க. வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல எவ்வளவு இருக்குங்கிறதைத்தான் அது காட்டும். அவிசாவளை கடல்மட்டத்துக்குக் கிட்ட இருக்கு. அங்க வெளிக்காத்து 1 பார், பூஸ்ட் 1 பார், ஆக மெனிஃபோல்டுக்குள்ள (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்) 2 பார். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், வெளிக்காத்தே ஏறத்தாழ 0.81 பார்தான். அப்ப உள்ளுக்கு 1.81. உங்க கன்ட்ரோலரும் டேர்போவை மட்டுப்படுத்துற ஆக்சுவேட்டரும் வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் வேலை செய்யுது. அதனால ஊசி ஒரே இடத்துல நின்னாலும், கீழ இறங்கினா சிலிண்டருக்குள்ள பத்து வீதத்துக்கு மேல கூடுதல் அழுத்தம் வருது.

அழுத்தம் கூடினா பொறி பாய கூடுதல் வோல்டேஜ் வேணும். கேப் அகலமா இருந்தாலும் அதேதான். பிகேஆர்6ஈ-11ல கடைசியில இருக்கிற 11 கேப் 1.1 மிமீன்னு சொல்லுது. 1 பார் டேர்போவுக்கு அது ரொம்ப அகலம். மலையில மட்டுமட்டா சமாளிச்ச கொயில் கீழ போனதும் தோத்துப் போகுது, அவ்வளவுதான். ஒற்றைக் கொயில்ல ஓடுற நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு 7000 ஆர்பிஎம்ல ஒரு பொறிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 4.3 மில்லி செக்கன்தான் இருக்கு. கொயில் முழுசா சார்ஜ் ஆக அது பத்தாம போகலாம். ஆர்பிஎம் ஏறினப்புறம் மிஸ் அடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

பிகேஆர்7ஈ வாங்குங்க. 14 மிமீ மரை, 19 மிமீ நீளம், 16 மிமீ சாவி, எல்லாம் பழைய ப்ளக் மாதிரியே. கேப்பை முதல்ல 0.7ல வச்சு ஓட்டிப் பாருங்க. கீழ போய் இன்னும் மிஸ் அடிச்சா 0.65, அதுக்கும் சரிவராட்டி 0.6. எடுத்த எடுப்புல 0.5க்குப் போகாதீங்க, பொறி சின்னதாகி ஐடில்ல எஞ்சின் தட்டுத்தடுமாறும்.

சோதனையை நுவரெலியாவுல செஞ்சு முடிவெடுக்கிறதுல அர்த்தமில்ல. கேப் சரியா இல்லையாங்கிறது பள்ளத்துலதான் தெரியும்.

கராஜ்_கரி:
கினிகத்தேனையில இருந்து ஹட்டன் வரைக்கும், இல்லாட்டி றம்பொடை ஏத்தத்துல, ரெண்டாம் மூணாம் கியர்ல நீண்ட நேரம் பூஸ்ட்லயே ஓடுது. மெதுவா போறதால இன்டர்கூலருக்குக் காத்தும் குறைவு. உயரத்துல அதே 1 பாரைக் காட்ட டேர்போ கூடுதலா சுத்தணும்; கீழ 2 மடங்கு அமுக்கினது மேல 2.2 மடங்குக்கு மேல அமுக்குது, காத்து சூடாகுது. அப்ப 8தானே பாதுகாப்பு?

ஏத்தம்_இறக்கம்:
சூட்டைப் பத்தி நீங்க சொல்றது சரி, 8க்கு நான் உடன்படல்ல. ஹீட் ரேஞ்ச்ங்கிறது ப்ளக் தன் நுனியில உள்ள சூட்டை எவ்வளவு வேகமா ஹெட்டுக்குக் கடத்துதுங்கிற அளவு. அது எரியுற சூட்டைக் குறைக்காது, நொக்கிங்கையும் (கலவை தப்பா வெடிச்சுத் தட்டுறது) தானா நிறுத்தாது. நுனி 450 பாகைக்கு மேல இருந்தாத்தான் படியுற கரி தானா எரிஞ்சு போகும். 800 பாகையைத் தாண்டினா ப்ளக்கே கலவையைப் பத்த வைக்கத் தொடங்கும், பிஸ்டன் ஓட்டையாகிறது அப்படித்தான். என்ஜிகேயில ஒரு எண் கூடினா நுனிச் சூடு 70 முதல் 100 பாகை வரை குறையும்.

6ல இருந்து 7 இந்த எஞ்சினுக்கு அவசியம். 8 போட்டா, விடியக்காலையில பத்து பாகைக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணி கடைக்கும் ஸ்கூலுக்கும் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுற வண்டியில நுனி 450ஐத் தொடாது. ரெண்டு கிழமையில காய்ஞ்ச கறுப்புக் கரி படிஞ்சு, மின்சாரம் கரி வழியா ஒழுகி, திரும்பவும் மிஸ்தான். 1.4 பார் பக்கம் போய் டிராக்குக்கு எடுக்கிற வண்டின்னா 8ஐ யோசிக்கலாம்.

டென்சோ வாங்கினா என்ஜிகே 6க்கு 20, 7க்கு 22, 8க்கு 24. பொஷ்ல எண் தலைகீழ்: எண் குறையக் குறையத்தான் குளிர்ந்த ப்ளக். கடையில "7 தானே, எந்த பிராண்டா இருந்தா என்ன"ன்னு கொடுத்தா வாங்கிடாதீங்க.

மரை_புரி:
செம்பா இரிடியமாங்கிற கேள்வியை யாரும் தொடல்ல. டியூனிங் இன்னும் முடியாத வண்டிக்குச் சாதாரண செம்பு ப்ளக்தான் புத்திசாலித்தனம். விலை குறைவு, கழற்றிப் பார்த்துத் தூக்கிப் போடலாம், கேப்பைப் பயமில்லாம மாத்தலாம். ஆனா டேர்போவுல நுனி சீக்கிரம் தேயும், கேப் தானா விரியும். 10,000 கிலோமீட்டருக்குள்ள அளந்து பாருங்க. இரிடியத்துல நடுமுனை 0.6 மிமீதான் (டென்சோ பவர்ல 0.4), அதனால குறைஞ்ச வோல்டேஜ்லயே பொறி பாயும். உங்க மாதிரி பலவீனமான கொயிலுக்கு அது நிஜமாவே உதவும். டியூன் முடிஞ்சதும் பிகேஆர்7ஈஐஎக்ஸ் போடலாம்.

இரிடியத்துல கேப் வைக்கும்போது நாணயம் மாதிரியான கேஜை நடுமுனையில வச்சு நெம்பினா நுனி முறிஞ்சிடும். வெளிக்கம்பியை மட்டும் வளைக்கணும், கம்பி கேஜால அளக்கணும்.

போலி ப்ளக் நிறைய ஓடுது. கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையிலேயோ ஊர்க் கடையிலேயோ விலை பாதியா இருந்தா சந்தேகப்படுங்க. வாஷர் கையால சுலபமா கழன்டு வந்தா, வெளிக்கம்பி நடுமுனைக்கு நேரே இல்லாம கோணலா ஒட்டியிருந்தா, எழுத்து மங்கலா இருந்தா வேண்டாம்.

பூட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கணும், அலுமினிய ஹெட். ப்ளக் குழிக்குள்ள காத்தடிச்சுத் தூசை எடுத்த பிறகுதான் கழற்றணும். புது ப்ளக்கை விரலால கடைசி வரை திருகி, டோர்க் ரென்ச்சால 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரென்ச் இல்லாட்டி விரல் இறுக்கத்துக்கு அப்பால அரைச் சுத்துல இருந்து முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் குறைவா. மரையில கிரீஸ், அன்டி-சீஸ் தடவாதீங்க. வழுக்கிக்கிட்டு அளவுக்கு மேல இறுகும், மரை போகும். தளர்வா விட்டாலும் ஆபத்துதான்: சூடு வாஷர் வழியா ஹெட்டுக்கு இறங்காம 7 போட்டும் 5 போட்ட மாதிரி கொதிக்கும்.

ப்ளக் வயரையும் அளந்து பாருங்க. ஒரு வயர் 25 கிலோ ஓமுக்கு மேல காட்டினா மாத்துங்க. ஹட்டன் மூடுபனியில டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் படிஞ்சு கரிக்கோடு விழும். இருட்டுல பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டா, ஒழுகுற வயர்ல நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

ஹட்டன்_கிளான்சா:
பழைய ப்ளக்கைக் கழற்றிட்டேன். 1, 2 இளம் பழுப்பு. 3ல மேல் பீங்கான்ல எண்ணெய், நுனி காய்ஞ்சிருக்கு. 4ல பீங்கான் வெள்ளை, அதுல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்பும் வெள்ளியுமா புள்ளி. வயர்ல ஒண்ணு 31 கிலோ ஓம். கடைசியா 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்காம 92 அடிச்சேன்.

ஏத்தம்_இறக்கம்:
3 பெரிய விஷயமில்ல. எண்ணெய் மேல் பக்கம்னா டெப்பெட் கவர்ல உள்ள ப்ளக் குழாய் சீல் போயிருக்கு. நுனியில இருந்தாத்தான் வால்வு சீல், ரிங்னு யோசிக்கணும். நீண்ட இறக்கத்துல த்ரொட்டிலை மூடி வர்றப்ப வெற்றிடம் கூடி வால்வு சீல் வழியா எண்ணெய் இழுக்கிறது இந்தப் பக்கத்து வண்டிகள்ல சாதாரணம். 31 ஓடுற வயரை மாத்துங்க, ஒண்ணை மட்டும் இல்ல, செட்டா.

4ஐத்தான் கவனிக்கணும். அந்தப் புள்ளி நொக்கிங்கோட அடையாளம், வெள்ளியா மினுங்கிறது பிஸ்டன் அலுமினியம். புது ப்ளக் இதைக் குணமாக்காது. இன்னைக்கே பூஸ்ட் கன்ட்ரோலரைக் கழற்றி ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் அளவுக்கு பூஸ்டை இறக்குங்க. நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (சிலிண்டர் அமுக்குற அழுத்தம்) எடுங்க. 4 மட்டும் தனியா குறைஞ்சு காட்டினா ப்ளக் வாங்குறதைத் தள்ளிப் போட்டுட்டு ஹெட்டைத் திறக்கணும். சரியா இருந்தா 4ஓட இன்ஜெக்டரைக் கழற்றி ஓட்டம் அளக்கக் கொடுங்க, ஒண்ணு மட்டும் வெள்ளையா இருக்கிறப்ப முதல் சந்தேகம் அதுதான். பிறகு வைட்பேண்ட் (புகையை வச்சுக் கலவையை அளக்கிற சென்சர்) போட்டு முழு பூஸ்ட்ல காத்து-பெட்ரோல் கலவை 11.5க்கு 1 பக்கம் இருக்கான்னு பாருங்க. ஆனா வைட்பேண்ட் நாலோட சராசரியைத்தான் காட்டும், ஒரு சிலிண்டர் பட்டினி கிடக்கிறது அதுல ஒளிஞ்சிடும்.

92க்குன்னு பொறி டைமிங் குறைச்ச இன்னொரு மேப் (செட்டிங்) ஈசியூல வச்சிருங்க, மலையகத்துல எல்லா பெட்ரோல் ஷெட்லயும் 95 இருக்கும்னு நம்ப முடியாது. ஆக்டேன் பூஸ்டர் போத்தலை நம்பாதீங்க. சிலதுல உள்ள இரும்பு, மாங்கனீசு சேர்மானம் பீங்கான்ல செங்கல் நிறத்துல படிஞ்சு அதுவே மிஸ் அடிக்க வைக்கும்.

கராஜ்_கரி:
ப்ளக் நிறம் பார்க்கணும்னு முழு பூஸ்ட்ல ஓட்டி நடுரோட்டுல எஞ்சினை நிறுத்துற வேலையை மட்டும் ஹட்டன் ரோட்டுல செய்யாதீங்க தம்பி. எஞ்சின் நின்னா பவர் ஸ்டியரிங் போயிடும், ரெண்டு மூணு தரம் மிதிச்சா பிரேக் பூஸ்டரும் காலி.

ஹட்டன்_கிளான்சா:
கன்ட்ரோலரைக் கழற்றிட்டேன் அண்ணே. நாளைக்கு கம்ப்ரெஷன் எடுத்துட்டு நாலு எண்ணையும் இங்க போடுறேன்.