ஓஷன் பார்க்: முதலில் பாண்டாவா, மலையா?

நானும் மனைவியும் ஆகஸ்டில் ஒரு நாள் ஹாங்காங்கில் இருக்கும் ஓஷன் பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம். போய்வந்தவர்கள் எங்கள் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்களேன்.

அட்மிரால்டி ஸ்டேஷனில் சவுத் ஐலண்ட் லைன் மெட்ரோ ஏறினால் முதல் நிறுத்தமே பார்க்தான். பார்க் திறக்கும்போதே உள்ளே போய்விடலாம். ஹேர் ரைசர் ரோலர் கோஸ்டர் மாதிரி பெரிய ரைடெல்லாம் மலைமேல். காலையில் கூட்டம் கேபிள் காருக்குத்தான் ஓடும் (கிட்டத்தட்ட 1.5 கி.மீ., கடலை ஒட்டிய பயணம், ஓடாமல் என்ன செய்யும்!). அதனால் சுரங்க ரயிலான ஓஷன் எக்ஸ்பிரஸில் மேலே ஏறி, இறங்கும்போது கேபிள் கார் என்று யோசனை. ஆனால் ஆகஸ்ட் புயல் மாதம். பலத்த காற்றோ இடியோ வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், திறந்தவெளி ரைடுகளும் நிற்கும். கேபிள் காரை மாலைவரை தள்ளிப்போடுவது ஆபத்தா?

இன்னொன்று, 2024 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த இரட்டைப் பாண்டாக்கள் கீழேயே இருக்கின்றன. மூங்கில் தின்னும் நேரம் போக மீதி நேரமெல்லாம் பாண்டா தூங்கும். திறந்ததும் அவற்றைப் பார்த்துவிட்டு மலையேறினால் ரைடு வரிசை எவ்வளவு நீளும்?

எனக்குத் தலைசுற்றல், அவள் மட்டும்தான் ரோலர் கோஸ்டர் ஏறுவாள். தனியாக வருபவர்களுக்குத் தனி வரிசை உண்டா? மேலே முட்டையில்லாத சைவம் எந்தக் கடையில் கிடைக்கும்?