ரைட்டின் 1931 கட்டுரையைத் தமிழில் விளக்க யாராவது உண்டா?

வணக்கம். மொரீசியஸ், ரோஸ் ஹில்லில் நாங்கள் சிலர் கூடி இனத்தொகை மரபியலின் (ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைதோறும் எப்படி மாறுகிறது என்று ஆராயும் துறை) மூல நூல்களைப் படித்து வருகிறோம். ஹால்டேனின் 1932 நூல் தடையின்றிப் போகிறது; மனிதர் எழுதத் தெரிந்தவர். ஃபிஷரின் 1930 நூலை இரண்டாம் இயலோடு மூடி வைத்திருக்கிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிக்கல் அதே துறையின் இன்னொரு முன்னோடி சிவால் ரைட்டின் 1931 கட்டுரையில்தான்.

இனப்பெருக்கம் செய்பவற்றில் ஆண் ஒன்று, பெண் ஒன்பது என்றால் தலைக்கணக்கு 10. ஆனால் அவருடைய வாய்பாட்டில் 4×1×9÷10, அதாவது பயனுறு இனத்தொகை (ஆணும் பெண்ணும் சரிசமமாக உள்ள எத்தனை உயிர்களின் கூட்டத்துக்கு இது ஈடு என்ற கணக்கு) வெறும் 3.6! விடை வருகிறது, வந்த வழிதான் பிடிபடவில்லை. எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல: 1974இல் மொரீசியஸ் கெஸ்ட்ரல் வல்லூறுகளில் காட்டில் இருப்பதாக அறியப்பட்டவை நான்கே. அத்தனை சிறிய கூட்டத்தில் மரபணு நகர்வு (தற்செயலாலேயே மரபணு வகைகளின் விகிதம் மாறுவது) எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணிதம் கைவந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது ஒரு ஞாயிறு மாலை இணையவழியில் அந்தப் படிகளை நடத்திக் காட்ட முடியுமா? நிகழ்தகவு எங்களுக்கு வரும். தொகை நுண்கணிதம் என்றால் விழி பிதுங்கும். இடையிடையே கிரியோல் கலந்தாலும் பரவாயில்லை. ரைட்டுக்குப் பிறகு நேரே கிமுராவின் 1968 கட்டுரைக்கு (மூலக்கூறு அளவிலான மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் அற்றவை என்று வாதிடுவது) தாவலாமா என்பதையும் சொல்லுங்கள்.