டீச்சர், விண்கலம் உடைஞ்சா அந்த அறிவியலும் உடைஞ்சுடுமா?

சாக்பீஸ் எழுதியது:

ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அலகுகள் பாடம் வரும்போது வருடா வருடம் ஒரே கதையைத்தான் சொல்வேன்: 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம். தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துதலின் அளவை பவுண்டு கணக்கில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட பக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சின்ன உந்துதலிலும் 4.45 மடங்கு தப்பு. ஒன்பது மாதப் பயணத்தில் அது சேர்ந்து சேர்ந்து, 226 கிலோமீட்டர் உயரத்தில் போயிருக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டரில் வளிமண்டலத்துக்குள் புகுந்துவிட்டது. "பார்த்தீங்களா, அலகு எழுதாவிட்டால் என்ன ஆகும்" என்று முடிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

இந்த வருடம் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அது உடைஞ்சா அதுக்குள்ள இருந்த அறிவியலும் உடைஞ்சுடுமா? திரும்பச் செஞ்சு அனுப்ப முடியாதா?" நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். அந்த 'நாளை' போய் நாலு நாள் ஆகிறது. பணம் போச்சு, நேரம் போச்சு என்று சொல்லலாம்தான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. ஒரு விண்கலம் தோற்றால் உண்மையில் எது போகிறது, எது மிஞ்சுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி இருந்தால் புண்ணியம்.

கணக்குப்புலி எழுதியது:

பணம் போனதை இவ்வளவு லேசாகத் தாண்டிப் போகாதீர்கள் டீச்சர். நீங்கள் சொன்ன ஆர்பிட்டரும், அதே ஆண்டு டிசம்பர் 3-ல் காணாமல் போன மார்ஸ் போலார் லேண்டரும் சேர்ந்து சுமார் 33 கோடி டாலர். அதற்கு முன்னால் 1993-ல் மார்ஸ் அப்சர்வர் என்று ஒன்று காணாமல் போனது. அது 81 கோடி டாலர். எல்லாம் வரிப்பணம்.

நான் விண்வெளி ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. தெரியாத இடத்துக்குப் போய், தெரியாத ஒன்றில் மோதித் தோற்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. 4.45-ஆல் பெருக்க மறந்ததற்கு 'அறிவியலின் விலை' என்று பெயர் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. பாதை கணிக்கிறவர்களுக்கு ஏதோ இடிக்கிறது என்று முன்னாலேயே பட்டிருக்கிறது. முறையாக எழுதிக் கொடுத்து யாரும் அதைத் துரத்தவில்லை. இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

திருகாணி எழுதியது:

டீச்சர், நான் விஞ்ஞானி இல்லை. இருபத்திரண்டு வருடம் ஓர் அதிர்வுச் சோதனைக் கூடத்தில் இருந்தவன். யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த பொருளை மேசையில் வைத்து முறுக்கி, உலுக்கி, உடைகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் உங்கள் மாணவியின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அவளுக்கு ஜெனிசிஸ் கதையைச் சொல்லுங்கள். அது நிஜமாகவே உடைந்தது. 2001-ல் கிளம்பிய கலம். சூரியனில் இருந்து வீசும் துகள்களைப் பிடித்து வருவதுதான் வேலை. சிலிக்கான், நீலக்கல், தங்கப் பூச்சு என்று பலவகை அறுகோணத் தகடுகளை வெயிலில் வடாம் மாதிரி விரித்து வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தது. 2004 செப்டம்பர் 8 அன்று திரும்பி வந்தது. பாராசூட்டில் தொங்கிக்கொண்டு வரும் பெட்டகத்தை அந்தரத்திலேயே கொக்கி போட்டுப் பிடிக்க யூட்டா பாலைவனத்தின் மேலே ஹெலிகாப்டர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பாராசூட் விரியவே இல்லை. மணிக்கு 311 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மண்ணில் குத்திக்கொண்டது.

காரணம் என்ன? வேகம் மட்டுப்படுவதை உணர்ந்து பாராசூட்டை அவிழ்க்க வேண்டிய சிறு ஸ்விட்சுகள், வரைபடத்திலேயே தலைகீழாக இருந்திருக்கின்றன. வரைபடத்தில் எப்படியோ அப்படியேதான் பொருத்தியவர் பொருத்தினார். அதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சுழற்றல் சோதனையை, ஏற்கெனவே பறந்த வடிவமைப்புதானே என்று விட்டுவிட்டார்கள். என் வேலைக்காலத்தில் நான் அதிகம் பயந்த வாக்கியம் இதுதான். யாராவது இதைச் சொல்லிக்கொண்டே கூடத்துக்குள் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனிமேல்தான் உங்கள் மாணவிக்கான பகுதி. தகடுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகிவிட்டன. சூரியனில் இருந்து வீசும் அந்தத் துகள்களுக்குச் சூரியக் காற்று என்று பெயர், அதிலேயே சில வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தகடு வரிசை. அந்த வரிசைகளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமனில் செய்து வைத்திருந்தார்கள். ஒருவேளை உடைந்துபோனால், கையில் கிடைத்த துண்டின் தடிமனை அளந்தே அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். மில்லிமீட்டரில் சின்னப் பங்கு வித்தியாசம், அவ்வளவுதான். துண்டு துண்டாகப் பொறுக்கி, மண்ணைக் கழுவி, அளந்து, பிரித்தார்கள். சூரியத் துகள்களை ஒருமுகப்படுத்திப் பிடித்த பகுதியில் இருந்த நாலு தகடுகளில் மூன்று முழுசாகவே தப்பின. 2011-ல் முடிவு வந்தது: சூரியனில் இருக்கும் ஆக்ஸிஜனின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் வேறு, பூமியில் இருப்பது வேறு. கலம் எதற்காகப் போனதோ அந்தக் கேள்விக்குப் பதில், நொறுங்கிய பெட்டகத்தில் இருந்தே வந்தது. ஸ்விட்ச் தலைகீழானதும் தடிமனை மாற்றி வைத்ததும் ஒரே திட்டத்தில்தான்.

கணக்குப்புலி சார், கவனக்குறைவு பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்ன மார்ஸ் அப்சர்வரையே எடுங்கள். செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள். எரிபொருள் தொட்டிகளுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். அந்த அதிர்ச்சியில் ரேடியோ பகுதி கெட்டுவிடக் கூடாது என்று அதை அணைத்து வைத்தார்கள். அப்புறம் அது பேசவே இல்லை. குழாயில் எரிபொருள் கசிந்து கலந்திருக்கலாம் என்று ஒரு குழு சொன்னது. 'இருக்கலாம்', அவ்வளவுதான். போலார் லேண்டரில் செலவைக் குறைக்க, இறங்கும்போது தரவு அனுப்புகிற ஏற்பாட்டையே வைக்கவில்லை. கால்கள் விரிந்த உதறலைத் தரை தொட்டதாக நினைத்து, 40 மீட்டர் உயரத்திலேயே என்ஜின் அணைந்திருக்கலாம். இதுவும் 'இருக்கலாம்'. 2002-ல் கான்டூர், வால்விண்மீன்களைப் பார்க்கப் போன கலம். என்ஜின் எரியும்போது தொடர்பு இல்லாத மாதிரி திட்டமிட்டார்கள். எரிந்து முடிந்ததும் தொலைநோக்கியில் துண்டுகள்தான் தெரிந்தன.

இந்தப் பக்கம் பாருங்கள். 2016 அக்டோபரில் ஸ்கியாபரெல்லி என்ற ஐரோப்பியக் கலம் செவ்வாயில் மோதியது. ஆனால் விழும்போது பேசிக்கொண்டே விழுந்தது. சுழற்சியை அளக்கும் கருவி ஒரு விநாடி போல உச்ச அளவில் சிக்கிக்கொண்டது. அதை நம்பிக் கணக்குப் போட்ட கணினிக்கு உயரம் மைனஸில் வந்தது. தான் ஏற்கெனவே தரைக்குக் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டு 3.7 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட்டைக் கழற்றிவிட்டது. இது ஐந்து வாரத்தில் தெரிந்துவிட்டது. 2019-ல் விக்ரமும் அப்படித்தான், கிட்டத்தட்டக் கடைசி வரைக்கும் தரவு வந்தது. அதனால்தான் சந்திரயான்-3-க்கு எதை மாற்றுவது என்று தெரிந்தது: கால்கள் பலமாயின, தாங்கக்கூடிய இறங்கு வேகம் விநாடிக்கு 2 மீட்டரில் இருந்து 3 ஆனது, இறங்குமிடம் அரை கிலோமீட்டர் சதுரத்தில் இருந்து 4-க்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்கிறது என்றால், ஒருமுறை ஒரு பெட்டி வந்தது. இரண்டு செங்கல் அளவு, உள்ளே ஒரே ஒரு சர்க்யூட் போர்டு. உள்ளே நாலு சென்ஸார் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒட்டி, பசை காய்ந்து, வயர்களைக் கட்டி முடிக்க அரை நாள் ஆகும். நேரம் இல்லை, மேசையில் இருக்கும் ஒன்று போதும் என்றார்கள். மூன்று அச்சில், அதாவது மூன்று திசையில், உலுக்க வேண்டும். இரண்டு அச்சில் பிரச்சினை இல்லை. மூன்றாவதில் நாற்பதாவது விநாடி, அந்த இரைச்சலுக்கு நடுவிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. கையை பட்டனுக்குக் கொண்டுபோவதற்குள் இன்னொரு 'டிக்'. திறந்து பார்த்தால் போர்டு ஒரு மூலையில் இருந்து குறுக்கே கீறியிருந்தது. திருகு முதலில் தளர்ந்ததா, போர்டு முதலில் கீறியதா? மூன்று வாரம் ஆறு பேர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மிச்சப்படுத்தியது அரை நாள்.

பழையதரவு எழுதியது:

அருமை சார். டீச்சர், 'திரும்பச் செஞ்சு அனுப்ப முடியாதா' என்ற பாதிக்குப் பதில் நீங்கள் வகுப்பில் சொல்கிற கதைக்குள்ளேயே இருக்கிறது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரில் போனதே திரும்பச் செய்து அனுப்பிய கருவிதான். செவ்வாயின் காற்றில் வெப்பம், தூசி, நீராவி எல்லாம் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் கருவி, முதலில் மார்ஸ் அப்சர்வரோடு 1993-ல் தொலைந்தது. மறுபடி செய்தார்கள், 1999-ல் அதுவும் எரிந்தது. மூன்றாவது முறை இன்னும் சின்னதாக, லேசாக ஒன்றைச் செய்து மார்ஸ் ரிகானைஸன்ஸ் ஆர்பிட்டரில் ஏற்றினார்கள். 2006 மார்ச்சில் அது பத்திரமாகச் செவ்வாயை அடைந்து அளக்க ஆரம்பித்தது. மூன்று தடவையும் தலைமை விஞ்ஞானி டேனியல் மெக்லீஸ்தான்.

போலார் லேண்டரின் தம்பி ஒன்று 2001-ல் பறக்க இருந்தது. இரட்டைத் தோல்விக்குப் பிறகு அதை ரத்து செய்து மூடி வைத்தார்கள். பிறகு அதையே எடுத்துத் துருவித் துருவிச் சோதித்து, ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்து 2007-ல் அனுப்பினார்கள். 2008 மே மாதம் இறங்கி, மண்ணைத் தோண்டி, பனிக்கட்டியைக் காட்டியது.

எனக்குத் தொழில் பழைய தரவுகளோடுதான், அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெற்றி பெற்ற கலத்தின் மதிப்பும் அது ஓய்ந்த நாளோடு முடிவதில்லை. மெகல்லன் என்ற கலம் வெள்ளிக் கோளை ராடாரில் படம் பிடித்தது 1990-களின் தொடக்கத்தில். 1991-ல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை 2023-ல் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், மாட் மான்ஸ் மலையில் ஓர் எரிமலை வாய் அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது தெரிந்தது. முப்பது வருடமாக அந்தப் படங்கள் கிடங்கில் கிடந்தன. ஆகவே தோற்ற கலத்தோடு எவ்வளவு போனது என்று டாலரில் கணக்குப் போட்டால் அது எப்போதும் குறைவாகத்தான் வரும், கணக்குப்புலி.

கணக்குப்புலி எழுதியது:

அப்படியென்றால் என் கட்சிக்குத்தான் பலம். நஷ்டம் நான் சொன்னதைவிட அதிகம் என்கிறீர்கள்!

மூன்றாவது முறை வென்றது சந்தோஷம். ஆனால் 1992-ல் கிளம்பிய கருவிக்கு 2006-ல் பதில். மெக்லீஸுக்கு அந்தப் பதினாலு வருடம் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பீகிள்-2 என்று ஒன்று 2003 கிறிஸ்துமஸ் அன்று செவ்வாயில் இறங்கியது, சத்தமே இல்லை. அதற்காக நாயாய் அலைந்த காலின் பில்லிங்கர் 2014 மே மாதம் இறந்துபோனார். 2015 ஜனவரியில் படத்தில் கண்டுபிடித்தார்கள்: நொறுங்காமல் இறங்கியிருக்கிறது, சூரியத் தகடுகள் முழுதாக விரியாததால் ஆன்டெனா மறைந்துவிட்டது. எட்டு மாதம் முந்தித் தெரிந்திருக்கலாம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. திருகாணி சொன்ன அந்த அரை நாள் விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஜெனிசிஸைத்தான் சொன்னேன். மூன்று தடிமனில் பழைய கண்ணாடிகளையும் தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜையும் கொண்டுபோய், கண்ணாடிகளைத் துணிக்குள் வைத்து உடைத்து, துண்டுகளைக் கலந்து பிரிக்கச் சொன்னேன். முக்கால்வாசி சரியாகப் பிரித்தார்கள். ஒரு பையன் ஜீரோ எர்ரரை (கருவி பூஜ்யத்திலேயே காட்டும் பிழை) கழிக்க மறந்து மொத்தத்தையும் தப்பான குவியலில் போட்டான். செவ்வாய்க்கு அனுப்பத் தகுதியானவன் என்று வகுப்பே சிரித்தது.

அந்தப் பெண் கேட்டாள்: "பேசாமலே போன கலத்துக்கு யாருமே தடிமன் மாத்தி வைக்கலையா டீச்சர்?" இதற்கும் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திருகாணி சார், உங்கள் பெட்டி ஏன் உடைந்தது என்று கடைசியில் தெரிந்ததா?

திருகாணி எழுதியது:

இல்லை டீச்சர். இரண்டாவது பெட்டி செய்து அனுப்பினார்கள். இந்தத் தடவை கேட்காமலே நேரம் கொடுத்தார்கள். உள்ளே பதினாறு சென்ஸார் ஒட்டினேன். மூன்று அச்சிலும் முழு நேரமும் ஓட்டினோம். உடையவே இல்லை.