ஹட்டன் குளிரில் கண்டல் வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கண்டல் (உப்புநீர்க் கரையில் வளரும் மாங்குரோவ் மரம்) நாற்று வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் உதிர்ந்து ஒதுங்கிய காய்களை மாமா பொறுக்கி அனுப்பினார் (மரத்தில் பறித்தவை இல்லை, யாரும் பறிக்கவும் வேண்டாம்). வேர் நன்றாக இறங்கிவிட்டது. பிரச்சினை இலையில்தான். அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடையெல்லாம் மஞ்சளாகிறது. நுனிக் குருத்தும் விரியாமல் மூடியபடியே நிற்கிறது.

மெக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலை இப்படி மஞ்சளாகும் என்று தெரியும். ஆனாலும் எனக்குக் குளிர் மேல்தான் சந்தேகம். ஹீட்டர் தண்ணீரை 26 பாகையில் வைத்திருக்கிறது. இலையோ தண்ணீருக்கு மேலே, தை மாதப் பனிக்காற்றில் நிற்கிறது. வெப்பமான கரையோரத்துச் செடி, பாவம், எப்படித் தாங்கும்?

வற்றும் தண்ணீருக்கு நன்னீர்தான் ஊற்றுகிறேன், உப்பு அடர்த்தி 1.025இல் நிற்கிறது. ஆகவே உப்புக் கூடிவிட்டது என்று நினைக்கவில்லை.

மேலே கண்ணாடி மூடி போட்டால் சூடு நிற்குமா, இல்லை ஈரம் அடைந்து பூஞ்சணம் பிடிக்குமா? லைட்டை எத்தனை மணிநேரம் போடுகிறீர்கள்? மெக்னீசியம் பார்க்கும் டெஸ்ட் கிட் கண்டிப் பக்கம் எங்கே வாங்கலாம்? நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வளர்த்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். இந்தச் செடிகளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.