சிபிலிஸுக்கு (உடலுறவால தொற்றுற கிருமி நோய்) ஒரு ஊசி போதுமோ, மூண்டு கிழமையும் போடவேணுமோ?

மாங்குளத்தான்:
துணுக்காய்ப் பக்கத்துச் சனத்தை ஒவ்வொரு கிழமையும் ஊசிக்கு பஸ்ஸேறச் சொன்னால் இரண்டாம் கிழமையே ஆளைக் காணேலாது. தொடக்கநிலைக்கு ஒரே ஊசி போதும் எண்ட ஆய்வை நம்பலாமோ?

வன்னித் தாதி:
தொடக்கநிலைக்கு எண்டால் நம்பலாம். 2025இல வந்த அமெரிக்க ஆய்வு, 249 பேர், பாதிக்கு மேல் எச்.ஐ.வி உள்ளவை. பென்சதைன் பெனிசிலின் 24 இலட்சம் அலகு ஒருக்கால் போட்டவையில 76 வீதம், மூண்டுதரம் போட்டவையில 70 வீதம் பேருக்கு ஆறு மாதத்தில பலன் தெரிஞ்சுது. எப்ப தொற்றினது எண்டு தெரியாத, அறிகுறியில்லாத ஆளுக்கு மூண்டும் வேணும்.

பிழை விடுறது ஊசியிலதான். மருந்து தடிப்பு, கலந்துபோட்டுக் கதைச்சுக்கொண்டு நிண்டால் ஊசியை அடைக்கும். 12 இலட்சமாய்ப் பிரிச்சு இரண்டு பிட்டத்திலும் ஆழமாய், நிப்பாட்டாமல், மெதுவாய். முதல்ல பின்னிழுத்துப் பாருங்கோ. இரத்தம் வந்தால் எடுத்திடுங்கோ. இரத்தநாளத்துக்குள்ள போனால் இதயமே நிண்டிடும்.

குளக்கட்டு:
அண்டிரவு காய்ச்சல், நடுக்கம் வரும் எண்டு முதலே சொல்லிவிடுங்கோ அண்ணை. கிருமி சாகேக்க வாறது, ஒவ்வாமையில்லை. 24 மணித்தியாலத்தில அடங்கும், பரசிற்றமோல் காணும்.

ஊசி போடுற அண்டைக்கே வீ.டி.ஆர்.எல் (நோய் இறங்குதோ எண்டு காட்டுற இரத்தச் சோதனை) அளவு எடுங்கோ. 1:32 இருந்தது 1:8 ஆனால்தான், அதாவது நாலிலொண்டாய்க் குறைஞ்சால்தான் கணக்கு. 1:16ஐ இறக்கம் எண்டு எடுக்கேலாது. டி.பி.பி.ஏ எண்ட மற்ற இரத்தச் சோதனை, நோய் மாறினாலும் அநேகமாய் ஆயுளுக்கும் பொசிட்டிவ்தான், அதைப் பார்த்துத் திரும்ப ஊசி ஏத்தாதேங்கோ.

மாங்குளத்தான்:
பெனிசிலின் ஒவ்வாத கர்ப்பிணி?

வன்னித் தாதி:
மற்றவைக்குக் குடுக்கிற மாற்று மருந்து டொக்சிசைக்ளின் கர்ப்பிணிக்குக் குடுக்கேலாது. பெரியாஸ்பத்திரியில ஒவ்வாமையைத் தணிச்சுப் பெனிசிலினேதான்.