பருந்துக்கு மருந்து வைக்கும் ஊரில் எந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது?

பள்ளித்தோட்டம், சிவகிரிப் பக்கம்:

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்பு. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செத்த பருந்தொன்றை உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். கரும்பருந்து; வால் நுனி பிளந்திருந்தது. உடம்பில் காயம் இல்லை. நகங்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன, அலகோரத்தில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. செத்த கோழிக்குஞ்சின் வயிற்றில் வயலுக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தை வைத்துக் கூரைமேல் போட்டிருக்கிறார்கள். "எங்கள் அப்பா வைத்தது டீச்சர், இதோடு மூன்று விழுந்துவிட்டது" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். வீட்டில் பதினைந்து குஞ்சுகளில் நான்குதான் மிஞ்சின என்றும் சொன்னான்.

பள்ளியில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருக்கிறது. மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது படம் போட்டுக் காட்ட நினைக்கிறேன். அதனால் பயன் உண்டா? எப்படிப்பட்ட படம்?

வால்பாறைக்காரன்:

நாகாலாந்தில் வல்லூறுகளை வலைபோட்டுக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காட்சி இணையத்தில் கிடைக்கும். அதைப் போடுங்கள். பிள்ளைகள் அழட்டும், தவறில்லை. அந்த ஒரு காணொளிதான் அங்கே வேட்டையை நிறுத்தியது. கூடவே, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றம் என்று பையனின் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒளிப்பதிவாளன், சென்னை:

டீச்சர், அந்தப் பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினானா? குருணை மருந்து மனிதனையும் கொல்லும். இனி அப்படி ஒரு பறவை கிடைத்தால் வெறுங்கையால் யாரும் தொட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மேலே நண்பர் சொன்ன காட்சிகளை எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிக்குப் படம் பிடிக்கிறேன். 2014 நவம்பரில் அந்த இடத்துக்கே போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வோக்கா மாவட்டத்தில் தோயாங் நீர்த்தேக்கம். அமுர் வல்லூறுகள் கிழக்குச் சைபீரியாவிலிருந்தும் வட சீனாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி, ஈசல் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. ஒரு பறவை சுமார் 150 கிராம்தான் இருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அரபிக்கடலை நடுவில் இறங்காமல் கடக்கிறது. 2012 அக்டோபரில், அவை அடையும் மரங்களுக்கிடையே மீன்வலைகளைச் சுவர்போல் கட்டி, நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை பிடித்தார்கள் என்று நேரில் பதிவு செய்த குழு கணக்கிட்டது. அந்தக் குழுவில் இருந்த பானோ ஹரலு நாகாலாந்துக்காரர். தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தவர். காணொளி வெளியானதும் நாடே கொதித்தது. 2013இல் அங்கே வலை கட்டுவது நின்றுபோனது.

காணொளி வந்தது, வேட்டை நின்றது என்று சொல்லிவிடுகிறோம். நடுவில் ஒரு முழு ஆண்டு இருக்கிறது டீச்சர். அந்த ஆண்டில்தான் எல்லாம் நடந்தது. பானோ ஹரலுவும் உடனிருந்தவர்களும் ஊர்களுக்குத் திரும்பிப் போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகளுக்கு மன்றங்கள் தொடங்கினார்கள். தேவாலயங்களிலும் இது பேச்சானது. பாங்டி, ஆஷா, சுங்ரோ ஆகிய ஊர்ச் சபைகள் தாங்களே தடை போட்டன. அணை வந்தபோது விளைநிலங்களைத் தண்ணீருக்குக் கொடுத்த மக்கள் அவர்கள். மீன்பிடிக்கப் போனதும், வலை கையில் வந்ததும் அதற்குப் பிறகுதான். இதையெல்லாம் கேட்டறிய ஒருவர் வந்து உட்கார வேண்டியிருந்தது.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் முன்பு வலை கட்டியவர். நான்கரை மணிக்கெல்லாம் அங்கே இருட்டத் தொடங்கிவிடும். மலைச்சரிவில் உட்கார்ந்திருந்தோம். வானத்தில் முதலில் கொசுக்கூட்டம் போல ஒரு புகைச்சல். பிறகு அது கீழே இறங்க இறங்க ஒவ்வொரு புள்ளிக்கும் இறக்கை முளைத்தது. மரக்கிளைகள் பாரத்தில் தாழ்ந்தன. எச்சம் இலைகளில் விழும் ஓசை தூறல் போலவே இருந்தது. கேமராவை அனிச்சையாகத் துண்டால் மூடிவிட்டேன். அவர் பையிலிருந்து பழைய வலைத் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு கண்ணிக்குள் இரண்டு விரல்களை நுழைத்துக் காட்டி, "தலை போகும், தோள் போகாது" என்று இந்தியில் சொன்னார். பிறகு அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி நேரப் படம் எடுத்து வந்தேன். என்னை அனுப்பிய தொலைக்காட்சி நான்கு நிமிடம் ஒளிபரப்பியது. அதில் மூன்று நிமிடம் 2012ஆம் ஆண்டின் பிணக்குவியல். திகில் இசை, திரைமுழுக்க 'ரத்த வேட்டை' என்ற எழுத்து. நடுவில் அந்த மனிதரின் முகம். வேட்டையை விட்டவர் என்ற ஒரு வரிகூட இல்லை. அவர் கேட்டிருந்ததால் அதை அனுப்பிவைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது. தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நாங்கள் நிறுத்தி இரண்டு வருடமாகிறதே, அதைப் படம் எடுக்கத்தானே வந்தீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பையன் இருக்கும் வகுப்பில் பிணக்குவியலைப் போடாதீர்கள். மற்றப் பிள்ளைகள் திரும்பி அவனைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய் அவன் அப்பாவைப் பார்ப்பான். மருந்து மட்டும் கூரையில் அப்படியே இருக்கும். 2013இல் தோயாங்கில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். தன் ஊர்ப்பெயரைச் சுமந்து ஒரு பறவை ஆப்பிரிக்கா போகிறது. மறு ஆண்டு அந்தப் பாங்டி நாகாலாந்துக்குத் திரும்பியும் வந்தது. உங்கள் ஊரிலும் இப்போது பருந்து கூடு கட்டும் காலம். பிள்ளைகள் கையில் கைபேசியைக் கொடுத்து, ஒரு கூட்டைத் தூரத்தில் நின்று வாரம் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டுக் காட்டுங்கள். பெற்றோரையும் கூப்பிடுங்கள்.

யார்க்‌ஷயரில் ஒரு செவிலியர்:

ஒளிப்பதிவாளர் சொல்வதை நான் இங்கிலாந்தில் மறுபக்கமாகப் பார்க்கிறேன். இங்கே 1954 முதல் பறவைப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2005 முதல் பி.பி.சி.யில் ஸ்பிரிங்வாட்ச் என்ற இயற்கை நிகழ்ச்சி வருகிறது. நாங்கள் குடும்பத்தோடு பார்க்கிறோம். ஆனால் கௌதாரி இனக் காட்டுப் பறவைகளை வேட்டைக்காகப் பேணும் மேட்டுநிலங்களில் ஹென் ஹாரியர் எனும் பூனைப்பருந்து இன்னும் செத்துக்கொண்டிருக்கிறது. கருவி பொருத்திய 58 பறவைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை அல்லது பெரும்பாலும் அப்படிக் கொல்லப்பட்டிருக்கக்கூடியவை என்றது. அந்த நிகழ்ச்சியை வழங்கிய கிறிஸ் பேக்கம் இதை உரக்கப் பேசுபவர். 2019இல் அவர் வீட்டு வாயிற்கதவில் செத்த காகங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பார்க்கும் எங்களையெல்லாம் தொலைக்காட்சி மாற்றிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்குள் அது இன்னும் போகவில்லை.

நாட்டுக்கோழி, சங்கரன்கோவில்:

டீச்சர், நான் கோழி வளர்ப்பவன். நான்கு குஞ்சுகள் மிஞ்சின என்றால் அந்த வீட்டுக்கு அது பெரிய நட்டம். அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். குஞ்சு பொரித்து ஒன்றரை மாதம் வரைதான் பருந்துக்குப் பயம். அதுவரை பகலில் தாய்க்கோழியோடு பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைக்கலாம். திறந்துவிடும் நேரத்துக்கு முருங்கை நிழலில் பழைய மீன்வலையைத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி அதில் வண்ணத் துணிகளை முடிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பருந்து சிக்கிக்கொள்ளும். ஆறு வருடமாக இப்படித்தான் வளர்க்கிறேன். மருந்து வைத்தால் வீட்டு நாயும் பூனையும்தான் முதலில் போகும்.

பள்ளித்தோட்டம், சிவகிரிப் பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. அன்றே சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். பறவையைப் பள்ளிக்குப் பின்னால் ஆழமாகப் புதைத்தோம். நேற்று மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வந்தேன். சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, போன குஞ்சுகளைப் பற்றித்தான் பேசினோம். மீதிக் குருணையை அவன் அப்பா எடுத்துக் காட்டினார். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை வேறு இடத்தில் பூட்டிவைக்க ஒப்புக்கொண்டார். மருந்து வைப்பதை விடுகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. கண்மாய்க்கரை ஆலமரத்தில் ஒரு கூடு இருப்பதாக அவன்தான் சொன்னான். சனிக்கிழமை போகிறோம். என் கைபேசி அவனிடம் இருக்கும்.

சங்கரன்கோவில் அண்ணன், உங்கள் பக்கம் நல்ல மூங்கில் பஞ்சாரம் என்ன விலை? மன்றப் பணத்தில் இரண்டு வாங்க முடியுமா என்று பார்க்கிறேன்.